மசாஜ்: தமிழில் என்ன சொல்லலாம்?

மசாஜ் பிரெஞ்சுச் சொல். 'மாசே' என்ற வினையிலிருந்து வந்தது. அந்த வினை எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டை. 'தொடு' என்று பொருள்படும் அரபு 'மஸ்ஸ' என்பார்கள் சிலர். மாவு பிசைவதைச் சொல்லும் போர்த்துக்கீசிய 'அமசார்' என்பார்கள் வேறு சிலர். எனக்கு மாவுக்கட்சி பிடிக்கும். தோள் தசையை ஒரு கைப்பிடி அள்ளி, உருட்டி, விரலிடுக்கில் நழுவவிடுவதைப் பார்த்தால் மாவு பிசைவதாகத்தான் தெரியும்.

இன்னொரு வேடிக்கை ஷாம்பு. 'அமுக்கு' என்று பொருள் தரும் இந்திச் சொல்லிலிருந்து போனது அது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் உடம்பு பிடித்துவிடுவதற்கே அந்தப் பெயர். தலைக்கு நுரை பிறகு வந்தது.

சரி, தமிழில்? மர்த்தனம் வடசொல். தேய்த்தலோடு நசுக்குதலும் அதன் பொருள். 'காளிய மர்த்தனம்' நினைவுக்கு வந்தால் யாரும் படுக்க மாட்டார்கள். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற கலைச்சொல் உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலிய ஒன்பது வகையாக அதைப் பிரிப்பார்கள். மருத்துவக் கட்டுரைக்கு அது போதும். 'உடற்பிடிப்பு' என்று எழுதினால் நோயின் பெயர் மாதிரி இருக்கிறது. பேச்சில் எப்போதும் இருப்பது 'பிடித்துவிடு'.

இதில் வருகிற 'விடு'வைக் கவனியுங்கள். தலை வாரிவிடு, முதுகு தேய்த்துவிடு என்பதுபோல, ஒருவர் இன்னொருவருக்குச் செய்வதைக் காட்டுகிறது. 'கழுத்து பிடித்துக்கொண்டது' என்றால் வலி, 'பிடித்துவிட்டார்' என்றால் வைத்தியம். வினை ஒன்றுதான், 'கொள்'ளும் 'விடு'வும் இடம் மாறுகின்றன.

பிடித்துவிடும்போது உடம்பில் என்ன நடக்கிறது? முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே தேய்க்கிறோமே, ஏன்? தேய்க்கிற உணர்வு, தண்டுவடத்திலேயே வலிச் சேதியை ஓரளவு மட்டுப்படுத்துகிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த 'வாயில் கட்டுப்பாடு' கோட்பாடு இதைத்தான் சொல்கிறது. மெதுவாக நீவுவது வேறு கணக்கு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தோலை வருடினால் அதற்கென்றே உள்ள நரம்பிழைகள் விழித்துக்கொள்ளும். இதமாக இருப்பது அதனால்தான். பிசைவதற்கும் தட்டுவதற்கும் அந்த வேகம் பொருந்தாது. 'நீவு' என்று தனிச்சொல் வைத்திருப்பது வீண்போகவில்லை.

பிடித்துவிட்டால் பயிற்சியின்போது தசையில் சேர்ந்த 'லாக்டிக் அமிலம் வெளியேறும்' என்று சொல்வார்களே, அதை நம்ப வேண்டாம். பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அது தானே குறைந்துவிடும். 2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைத்துப்போகும்வரை பயிற்சி செய்யவைத்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டுத் தசைத்துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். லாக்டிக் அமிலத்தில் மாற்றமே இல்லை. ஆனால் பிடித்துவிட்ட காலில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்திருந்தன. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் இதமாக இருப்பது வெறும் மனப்பிரமை இல்லை என்று சொல்ல அது இடம் தருகிறது. முதுகுவலிக்கும் கொஞ்ச நாளைக்கு நிவாரணம் கிடைக்கலாம். முள்ளெலும்பை 'இடத்தில் உட்காரவைத்தேன்' என்பதெல்லாம் பேச்சு.

ஒரு இடத்தில் மட்டும் 'பிடிப்பு' என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடும். நெடுநேரப் பயணமோ அறுவை சிகிச்சையோ முடிந்தபின் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் 'பிடிப்புதான், பிடித்துவிடு' என்று சொல்லத் தோன்றும். அது ஆழ்சிரையில், அதாவது காலுக்குள் ஆழமாக ஓடும் ரத்தக்குழாயில், உறைந்த ரத்தக்கட்டியாக இருக்கலாம். அமுக்கினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். அந்தக் காலில் கை வைக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.