தாயின் ரத்தத்தில் ஒரு கணக்கு

கருவுக்கு டவுன் சின்ட்ரோம் என்ற பிறவிக் கோளாறு இருக்குமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘ஹை ரிஸ்க்’ என்று பார்த்ததும் கர்ப்பிணிக்கும் வீட்டாருக்கும் பாதி உயிர் போய்விடுகிறது. அந்த இரண்டு சொற்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் நிதானம் கிடைக்கும்.

நம் எல்லோருடைய ரத்தத்திலும், இறந்த செல்கள் விட்டுச்சென்ற டிஎன்ஏ துணுக்குகள் மிதக்கின்றன. கர்ப்பிணியின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏவும் கலந்திருப்பதை மருத்துவ ஆராய்ச்சியாளர் டென்னிஸ் லோவின் குழு 1997-இல் கண்டறிந்தது. பெரும்பாலும் அது நஞ்சுக்கொடியிலிருந்து உதிர்வது. பத்தாவது வார வாக்கில் மொத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இருக்கும்.

எது தாயுடையது, எது கருவுடையது என்று பிரிக்க வேண்டியதே இல்லை, எண்ணினால் போதும். இந்த எளிமையை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. செல்லுக்குள் டிஎன்ஏ குரோமோசோம் என்ற கட்டுகளாக இருக்கிறது. பத்து லட்சம் துணுக்குகளை எண்ணினால், 21-ஆம் குரோமோசோமைச் சேர்ந்தவை ஏறத்தாழ 13,000 இருக்கும். டவுன் சின்ட்ரோம் உள்ள கருவில் அந்தக் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. கருவின் பங்கு 10 சதவீதம் என்றால் எண்ணிக்கை 13,650 ஆகும். தற்செயலாக நூறு, இருநூறு கூடலாம், குறையலாம். 650 கூடினால் அது தற்செயல் அல்ல. ஆனால் கருவின் பங்கு 2 சதவீதம்தான் என்றால் கூடுவது வெறும் 130. அது இருப்பதே தெரியாது. உடல் எடை அதிகமுள்ள தாய்மாரின் ரத்தத்தில் கருவின் பங்கு குறைவாக இருக்கும். அவர்களுக்குச் சில சமயம் ‘முடிவு சொல்ல இயலவில்லை’ என்று வருவது இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணப்பட்டது நஞ்சுக்கொடியின் டிஎன்ஏ. அரிதாக, கோளாறு நஞ்சுக்கொடியோடு நின்றுவிடும். குழந்தைக்கு ஒன்றும் இருக்காது.

குழந்தையின் செல்லையே பார்க்க வேண்டுமானால் பனிக்குட நீர் வேண்டும். பதினைந்து வாரம் ஆனபின், ஸ்கேன் திரையில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே சுமார் 20 மில்லி எடுப்பார்கள். குழந்தையின் தோலிலிருந்தும் சிறுநீர்ப் பாதையிலிருந்தும் உதிர்ந்த செல்கள் அதில் இருக்கும். அவற்றை வளர்த்து, பிரியும் தறுவாயில் மருந்தால் நிறுத்தி, சாயம் ஏற்றினால் குரோமோசோம்கள் வரிவரியாகத் தெரியும். வழக்கமான 46-ஆ, ஒன்று கூடி 47-ஆ என்று கண்ணால் எண்ணிவிடலாம். கருச்சிதைவு அபாயம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, ஆனாலும் இருக்கிறது. அதனால்தான் இதை எல்லோருக்கும் செய்வதில்லை.

முழு முடிவு வர இரண்டு வாரம்கூட ஆகலாம். காத்திருப்பது கொடுமைதான். ஆனாலும் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி, திரும்பப்பெற முடியாத எந்த முடிவையும் அதற்குள் எடுத்துவிடாதீர்கள்.