மாமூல்: வழக்கம் என்ற சொல் கையூட்டான கதை

‘கனமழையால் மாமூல் வாழ்க்கை பாதிப்பு’ என்று செய்தித்தாளில் படித்திருப்போம். இங்கே மாமூல் என்றால் அன்றாடம், வழக்கம். ‘கடைக்காரரிடம் மாமூல் கேட்டவர் கைது’ என்றும் படித்திருப்போம். சொல் ஒன்றுதான்.

அரபியில் ‘அமல்’ என்றால் செயல், நடைமுறை. அதிலிருந்து வந்த ‘மஃமூல்’ நடைமுறையில் இருப்பதைக் குறிக்கும். பாரசீகம், உருது வழியாக வந்து தமிழில் மாமூல் ஆனது. கறுப்புப் பணத்தைத் துரத்தும் அமலாக்கத் துறையின் பெயரிலும் இதே வேர்தான் இருக்கிறது.

வழக்கமாகக் கொடுக்கும் காசு நாளடைவில் ‘வழக்கம்’ என்றே பெயர் வாங்கிக்கொண்டது. எனக்கு உறுத்துவது இதுதான். லஞ்சம் என்று சொன்னால் கொடுப்பவருக்கும் கை கூசும். மாமூல் என்றால் கூசுவதில்லை. வாடகை, கரண்ட் பில் மாதிரி அதுவும் ஒரு மாதச் செலவாகிவிடுகிறது.

முன்பு ஒரு கடையில் கணக்கு எழுதினேன். பேரேட்டில் மாமூல் என்று ஒரு வரிகூட இருக்காது. ‘டீ செலவு’, ‘வண்டி வாடகை’, ‘இதர வகை’ என்றுதான் இருக்கும். குற்றத்துக்குக் கொடுத்த பணத்தை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. அதனால் வராத சரக்குக்கு ஒரு பில் வாங்கி, ரொக்கத்தை வெளியே எடுப்பார்கள். டீ செலவு என்று தொடங்கியது போலி பில்லில் வந்து நிற்கும். பெரிய நிறுவனங்களில் இதே வேலை ‘ஆலோசனைக் கட்டணம்’ என்ற பெயரில் எல்லை தாண்டியும் போகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வழக்கம் என்ற பொருளுக்கு வழக்கம், வழமை இரண்டும் போதும். காசுக்கு என்றால் கையூட்டு. கைக்கு ஊட்டுவது என்று சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கைக்கூலி என்ற சொல்லும் உண்டு. ஆனால் இன்று அதைக் கேட்டால் அடியாள்தான் நினைவுக்கு வருகிறார்.

வெறும் சொல்தானே என்று விட முடியாது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தியபோது, அரசு ஊழியருக்குக் கையூட்டு கொடுப்பதையும் நேரடிக் குற்றமாக்கினார்கள். ஏழு ஆண்டு வரை சிறை. ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர் அந்த நிறுவனத்துக்காகக் கொடுத்தால் நிறுவனமும் மாட்டும். தடுக்கப் போதிய ஏற்பாடுகள் வைத்திருந்ததாகக் காட்டினால்தான் தப்பலாம். ஏற்பாடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பில் இல்லாமல் ரொக்கம் போகக்கூடாது, ‘இதர வகை’யில் எழுதினால் யாருக்கு, எதற்கு என்று குறிக்கவேண்டும், வற்புறுத்தல் வந்தால் ஊழியர் முதலாளியிடம் பயமின்றிச் சொல்ல வழி வேண்டும்.

வற்புறுத்தலுக்குப் பணிந்து கொடுத்துவிட்டால்? ஏழு நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறை போன்ற விசாரணை அமைப்பிடம் சொல்லிவிட்டால் கொடுத்தவர் மேல் குற்றம் இல்லை. கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. அப்புறம் அவர்கள் ஏற்பாட்டில், பினாப்தலீன் என்ற வேதிப்பொடி தடவிய நோட்டோடு போகலாம். வாங்கிய கையைச் சலவைச் சோடா கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும்.