பூ உதிர்கிறதா? மருந்து தெளிக்கும் முன் பூவைப் பாருங்கள்

"பூசணிக்கொடி நிறையப் பூக்கிறது, ஆனால் பூவெல்லாம் கொட்டிவிடுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" தோட்டக்கலை ஆலோசனைப் பணியில் நான் மிகுதியாக எதிர்கொள்ளும் கேள்வி இது. உதிர்ந்த பூவுக்கு அடியில் பிஞ்சு இருந்ததா, வெறும் காம்பு இருந்ததா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

வெறும் காம்பு என்றால் அது ஆண் பூ. பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே தோன்றும். பெரும்பாலும் ஆண் பூக்களே முந்திக்கொண்டு வருவதால், அவை மலர்ந்து உதிர்வது இயல்பானதே. இதழ்களுக்குக் கீழே பச்சையாக உருண்டு திரண்டிருப்பது பெண் பூவின் சூலகம். அதைப் பிஞ்சு என்று நாம் அழைத்தாலும், மகரந்தம் வந்து சேராவிட்டால் சில நாட்களில் மஞ்சளித்து வெம்பி விழுந்துவிடும். பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது; தேனீ போன்ற பூச்சிகள்தான் சுமந்துவர வேண்டும். விடியலில் விரியும் பூ நண்பகலுக்குள் மூடிக்கொள்வதால், தேனீக்கு வாய்ப்பது அந்தச் சில மணி நேரம்தான்.

பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூலகமுடியில் ஒட்டிய மகரந்தத்தூள் முளைத்து, மெல்லிய குழலாக நீண்டு, பின்னர் விதையாகும் சூலை எட்டுகிறது. அதன்வழி வரும் இரண்டு ஆண் செல்களில் ஒன்று முட்டையோடு இணைந்து கருவாகிறது. மற்றொன்று சூலின் நடுவிலுள்ள துருவ உட்கருக்களோடு கூடி, அந்தக் கருவுக்கு உணவூட்டும் கருவூணை உண்டாக்குகிறது. 1898இல் தாவரவியலாளர் செர்கெய் நவாஷின் விவரித்த இந்த இரட்டைக் கருவுறுதலைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருபக்கம் சூம்பிய காயை அறுத்துப் பார்த்த அன்றுதான் விளங்கியது. பருத்த பக்கத்தில் முற்றிய விதைகள், சூம்பிய பக்கத்தில் தட்டையான பொக்குகள். ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத்தூள் வேண்டும். விதை வளரும் பக்கமே சதையும் பருக்கிறது.

ஆகவே பூ உதிர்கிறதென்று காலையில் பூச்சிக்கொல்லி தெளிப்பது, வேலைக்கு வந்தவரை வாசலிலேயே விரட்டுவதற்கு ஒப்பாகும். பணியின் தொடக்கத்தில் நானே அப்படிப் பரிந்துரைத்து, காய்ப்பு மேலும் குறைந்ததைக் கண்டிருக்கிறேன். மருந்து தவிர்க்க முடியாததானால், பூ மூடியபின் மாலையில் தெளியுங்கள். தேனீ வரவில்லையென்றால், அன்று மலர்ந்த ஆண் பூவைக் காலையிலேயே பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் சூலகமுடி முழுவதும் படுமாறு மென்மையாகத் தடவுங்கள். சுரைக்காய்க்கு மட்டும் இந்த வேலையை மாலையில் செய்யவேண்டும். அதன் வெள்ளைப் பூ பொழுது சாயும்போதுதான் விரியும்.