ஐந்து உதைக்குமேல் வேண்டாம்

போன வாரம் என் மெக்கானிக் பட்டறைக்கு ஒருவர் கணுக்காலில் மாவுக்கட்டோடு வந்தார். அவருடைய அப்பா ஓட்டிய பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிளை நண்பர்கள் இருவர் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டு ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டி. கிளப்பப் பார்த்தபோது கிக்கர் திருப்பி அடித்து எலும்பில் விரிசல். இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது கணுக்கால் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"இன்னும் பலமாக உதைத்திருக்க வேண்டுமோ?" என்று அவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர்மீது வரவில்லை, பழைய வண்டிக்கு முரட்டு உடம்பு வேண்டும், ஏறிக் குதிக்க வேண்டும், கிளம்பும்வரை விடாமல் உதைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்மீது வந்தது.

தயவுசெய்து இதை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் உதைத்தால், உங்கள் பலமெல்லாம் கம்ப்ரஷனோடு, அதாவது சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றோடு, மோதியே தீர்ந்துவிடும். கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் கல்லில் முட்டியதுபோல நிற்கும். அங்கே, அமுங்கிய காற்றை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தபடி, பிஸ்டன் உச்சியைத் தாண்டும் அளவுக்குக் கிக்கரைக் கொஞ்சமே கொஞ்சம் நகர்த்துங்கள். லீவரை விடுங்கள். கிக்கரை முழுவதும் மேலே வர விடுங்கள். இப்போது மேலிருந்து கீழ்வரை ஒரே நீளமான மிதி. ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் அடுத்த கம்ப்ரஷன் வருவதற்குள் எஞ்சினின் கனமான சுழல் சக்கரமான ஃப்ளைவீல் வேகம் பிடித்துவிடும். கம்ப்ரஷனைத் தாண்டவைப்பது அந்த வேகம்தான். ஆம்மீட்டரும் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) பாயின்டும் (திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் மின் தொடர்பு) உள்ள வண்டி என்றால் இன்னும் எளிது: சாவியைப் போட்டுவிட்டு மெதுவாக நகர்த்தும்போது, பாயின்ட் திறக்கும் இடத்தில் முள் நடுவுக்கு வந்துவிடும்.

என்னிடம் தொழில் பழகும் பெண் 45 கிலோ இருந்தால் அதிகம். 500 சிசி வண்டியை இரண்டாவது மிதியில் கிளப்பிவிடுகிறார். வலுவைப் பற்றி இதற்குமேல் நான் என்ன சொல்ல?

பாதி மனதோடு, பாதித் தூரம் மிதிப்பதும் ஆபத்து. பிஸ்டன் உச்சியைத் தாண்ட முடியாமல் திரும்பும்போது அந்த அடி முழுவதும் உங்கள் காலுக்குத்தான் வரும்.

சரி, இவருடைய வண்டி ஏன் அடித்தது? பாயின்ட் தட்டின் அடியில், வேகம் கூடக் கூட ஸ்பார்க்கை முன்கூட்டியே வரவைக்கும் தானியங்கி அட்வான்ஸ் எடைகள், கிரீஸ் காய்ந்து விரிந்த நிலையிலேயே இறுகியிருந்தன. வேகமாக ஓடும்போது வர வேண்டிய இடத்தில், மிதிக்கும்போதே ஸ்பார்க் வந்தால் கிக்கர் அடிக்கத்தான் செய்யும். போதாததற்கு, ஸ்பார்க் மங்கலாக இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கண்ணளவில் பாயின்ட் இடைவெளியை விரித்திருக்கிறார். இடைவெளி கூடினால் ஸ்பார்க் வரும் நேரம், அதாவது டைமிங், இன்னும் முந்தும். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் இல்லாமல் பாயின்டைத் தொடாதீர்கள். பேட்டரியும் காயிலும் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை, பேட்டரி இல்லாமல் தானே ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவில் பெரும்பாலும் 0.30 மி.மீ.; உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவைச் சொன்னால் அதுவே சரி. உண்மையில் அந்த பாயின்டுக்குத் தேவைப்பட்டது சுத்தம் மட்டுமே. நின்ற வண்டியின் பாயின்ட் முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படியும். அதைத் துடைத்ததும் ஸ்பார்க் நீலமாக வந்துவிட்டது. கைப்பிடியில் அட்வான்ஸ் லீவர் இருக்கும் வண்டியா? மிதிக்கும் முன் அதை ரிடார்டில், ஸ்பார்க் தாமதமாக வரும் பக்கத்தில், வையுங்கள். மறக்கவே கூடாது.

கார்புரேட்டரையும் விட்டுவைக்கவில்லை. மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டில் கம்பியை விட்டுக் குத்தியிருக்கிறார்கள். பித்தளையில் துளைத்த துளை அது. கம்பி பட்டால் அகன்றுவிடும், பிறகு எந்தத் திருகைத் திருகினாலும் சரிவராது. அடைப்பை கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து எடுங்கள். பல மாதம் நின்ற பெட்ரோலை முதலில் வடித்துவிடுங்கள். அதில் எளிதில் ஆவியாகும் பகுதி போயிருக்கும். எத்தனால் கலந்ததாக இருந்தால் ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். எண்ணெய்த் தொட்டி தனியாக உள்ள வண்டியில் எண்ணெய், எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கலாம். மிதிக்கவே கனமாக இருந்தால் அதையும் பாருங்கள்.

குளிர்ந்திருக்கும்போது நன்றாகக் கிளம்பி, சூடானதும் நின்று, ஆறினால் மறுபடி கிளம்புகிறதா? கார்புரேட்டரைக் கழற்றும் முன், பாயின்டோடு இணைந்திருக்கும் சிறு மின் பாகமான கண்டென்சரை மாற்றிப் பாருங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்க்கும்போது, பிளக் துளைக்குப் பக்கத்தில் பிடிக்காதீர்கள். அங்கிருந்து பீறிட்டு வருவது பெட்ரோல் ஆவி. தொலைவாக, எஞ்சின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வையுங்கள். துளைக்குள் பெட்ரோல் ஊற்றுவது, ஈதர் ஸ்பிரே அடிப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். சிலிண்டர் சுவரின் எண்ணெய் கழுவிப்போகும், தீயும் பிடிக்கும்.

கணுக்காலை மூடும் கனமான காலணி போடுங்கள். முழங்காலை விறைப்பாக நீட்டாதீர்கள். ஐந்து முறை சரியாக மிதித்தும் கிளம்பவில்லையா, நிறுத்துங்கள். ஆறாவது உதையில் எதுவும் மாறப்போவதில்லை. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரமாக இருந்தால் பெட்ரோல் மிதமிஞ்சிவிட்டது, அல்லது ஸ்பார்க் இல்லை. மிதமிஞ்சியிருந்தால் பெட்ரோல் குழாயை மூடி, சாவியை அணைத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து, பிளக் இல்லாமலே சிலமுறை மிதித்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வண்டியைக் கொண்டுவாருங்கள். பிளக் ஈரமா, உலர்ந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்; எனக்குத் தேடும் வேலை பாதி குறையும்.