கேஸ்லைட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஒருவர் தன் நினைவையும் கண்ணையும் காதையுமே நம்ப முடியாதபடி அவரைத் தொடர்ந்து குழப்புவதற்குப் பெயர் கேஸ்லைட்டிங். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’, ‘உனக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தி’, ‘நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காத’ என்று நாள்தோறும் கேட்டுக் கேட்டு, ‘நமக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ’ என்று அவரே நினைக்கத் தொடங்கிவிடுவார். பெரும்பாலும் இதைச் செய்பவர் கணவன், மனைவி, காதலன், பெற்றோர் என்று நம்பிக்கைக்குரிய ஆளாகத்தான் இருப்பார். முன்பின் தெரியாதவர் சொன்னால் நாம் ஏன் நம்பப்போகிறோம்?

இந்தச் சொல் பிறந்தது மேடையில். ஆங்கில எழுத்தாளர் பேட்ரிக் ஹாமில்டனின் ‘கேஸ் லைட்’ நாடகம் 1938இல் அரங்கேறியது. 1940இல் பிரிட்டனிலும் 1944இல் ஹாலிவுட்டிலும் அது படமானது. பலருக்கும் தெரிந்தது ஜார்ஜ் கியூகர் இயக்கிய 1944ஆம் ஆண்டுப் படம். மனைவி பவுலாவாக நடித்த இங்க்ரிட் பெர்க்மன் அதற்காக ஆஸ்கர் வாங்கினார். கணவன் கிரெகரியாக வந்தவர் சார்லஸ் போயர்.

கதை நடக்கும் காலத்து லண்டன் வீடுகளில், குழாய் வழியாக வரும் வாயுவில்தான் சுவர்விளக்குகள் எரியும். ஓர் அறையில் புதிதாக விளக்கேற்றினால் அழுத்தம் குறைந்து மற்ற அறைகளின் சுடர் கொஞ்சம் தாழும். பவுலாவை வளர்த்த பாடகியைக் கொன்றவனே கிரெகரிதான். அப்போது கைக்குக் கிடைக்காத நகைகளைத் தேடத்தான் பவுலாவைக் கல்யாணம் செய்துகொண்டு அதே வீட்டுக்கு வருகிறான். மாலையில் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் வீட்டின் உச்சியில் சாமான் போட்டுவைத்திருக்கும் அறைக்குள் புகுந்து விளக்கேற்றித் தேடுகிறான். கீழே அவள் அறையில் சுடர் தாழ்கிறது, தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்கிறது. வீட்டில் வேறு யாரும் அதைக் கவனித்ததாகச் சொல்வதில்லை. இதற்கிடையே அவன் தந்த புரூச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) அவள் பையிலிருந்து காணாமல் போகிறது, சுவரில் இருந்த படம் மறைகிறது. ‘நீதான் எடுத்து எங்கோ வைத்துவிட்டு மறந்துவிட்டாய்’ என்கிறான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புரூச்சும் படமும் அவன் போட்ட திட்டம். விளக்கு மங்குவது அவன் திட்டத்திலேயே இல்லை. லண்டன் போலீஸான ஸ்காட்லாந்து யார்டைச் சேர்ந்த ஒருவர் அவள் அறையில் உட்கார்ந்திருக்கும்போது சுடர் தாழ்வதைத் தன் கண்ணால் பார்க்கிறார். தனக்குப் பைத்தியம் இல்லை என்று பவுலா தெரிந்துகொள்வது அந்த நொடியில்தான்.

பிறகு 1960களில் இந்த நாடகப் பெயர் ஆங்கில எழுத்தில் வினைச்சொல்லாகவே புழங்கத் தொடங்கியது. ஒருவரை மனநல மருத்துவமனையில் சேர்த்துவிடக் கூட இருப்பவர்களே செய்த சூழ்ச்சிகளைப் பற்றி, 1969இல் இரண்டு மருத்துவர்கள் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் இதே பெயரிட்டு எழுதினார்கள். 2022இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது; அந்த ஆண்டு இதைத் தேடியவர்கள் 1740 சதவீதம் கூடியிருந்தார்களாம். அப்புறம் கேட்கவா வேண்டும்? யார் பொய் சொன்னாலும், கருத்து மாறுபட்டாலும் ‘கேஸ்லைட் பண்றான்’ என்றாகிவிட்டது.

நம் மெகா சீரியல்களில் வில்லி நகையை ஒளித்து வைத்துவிட்டு மருமகள்மேல் பழி போடுவாள். அது கேஸ்லைட்டிங் இல்லை, வெறும் பழி. தான் எடுக்கவில்லை என்று மருமகளுக்கு நன்றாகவே தெரியும், அதனால்தான் அவ்வளவு அழுகை. ‘ஒருவேளை நான்தான் எடுத்தேனோ’ என்று அவளே தடுமாறினால்தான் இந்தச் சொல் பொருந்தும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அப்படியே மாற்றினால் ‘வாயுவிளக்கு’ என்று வரும். வாயு என்றதும் நம் ஆட்களுக்கு வயிற்று உப்புசம்தான் நினைவுக்கு வரும். ‘கேஸ் லைட்’ என்றாலோ ஊர்ப்பக்கம் கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கி வந்த பெட்ரோமாக்ஸ். ‘மூளைச்சலவை’ என்று எழுதுவதும் சரியில்லை. அது ஒரு கொள்கையை மண்டைக்குள் ஏற்றுவது. இங்கே ஏற்றுவதற்கு எதுவும் இல்லை, இருக்கும் தெளிவைப் பறிப்பதுதான் நோக்கம்.

என் ஓட்டு ‘மருட்டல்’ என்ற சொல்லுக்கு. மருள் என்றால் மயக்கம், தெளிவின்மை. ‘பொருளல்ல வற்றைப் பொருளென்று உணரும் மருள்’ என்கிறது குறள் (351), அதுவும் மெய்யுணர்தல் அதிகாரத்தில். அந்த மருளை இன்னொருவருக்கு உண்டாக்குவது மருட்டுதல். ‘மருண்ட பார்வை’ என்று இன்றும் எழுதுகிறோம்; படத்தில் பெர்க்மனின் முகத்துக்கு அது கச்சிதம். மருள் வந்து சாமியாடுவதும் உண்டு, ஆனால் அது வேறு சங்கதி.

குறை இல்லாமல் இல்லை. மருட்டு என்பதற்கு அச்சுறுத்து என்ற பொருளும் உண்டு, போதாக்குறைக்கு அவசரமாகப் படிப்பவர் ‘மிரட்டல்’ என்பதன் அச்சுப்பிழை என்று நினைக்கலாம். அதனால் கட்டுரை, செய்தி என்று வரும்போது ‘உளமருட்டல்’ என்று எழுதினால் குழப்பம் இருக்காது. அடுத்த வரியில் ‘அவன் அவளைப் பல வருடமாக மருட்டி வந்தான்’ என்று வினையாகவும் ஓட்டலாம்.