ஆறு தந்திகளும் மூன்று ஸ்பிரிங்குகளும்

மிதக்கும் டிரெமலோ பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும், அசையக்கூடிய தாங்கி) பொருத்திய எலெக்ட்ரிக் கிட்டாருக்கு முதன்முறையாகச் சுருதி சேர்க்கிறவர் திகைத்துப்போவது வழக்கம். ஆறாவது தந்தியைச் சரியாக வைத்துவிட்டு ஐந்தாவதுக்கு வருகிறார். பிறகு நான்காவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக முடிக்கிறார். கடைசித் தந்தியையும் சேர்த்துவிட்டு ஆறாவதைத் திரும்பத் தட்டினால், அது நன்றாக இறங்கிக் கிடக்கிறது. அதை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்குகின்றன. பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களைக் கோவையில் பார்த்திருக்கிறேன். ஆனால் கிட்டாரில் பழுது எதுவும் இல்லை. அந்தப் பிரிட்ஜ் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது.

சாதாரண கிட்டாரில் பிரிட்ஜ் உடலோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கும். ஒரு தந்தியை முறுக்கினால் அந்த ஒன்று மட்டுமே மாறும். மிதக்கும் பிரிட்ஜ் அப்படி எதிலும் இறுக்கப்படவில்லை. கத்திமுனை போலத் தீட்டப்பட்ட அதன் முன்விளிம்பு இரண்டு எஃகுத் தூண்களைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். மேலே ஆறு தந்திகள் அதைக் கழுத்துப் பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கின்றன. பிரிட்ஜுக்கு அடியில் ஓர் உலோகப் பிளாக் கிட்டாரின் உடலுக்குள் தொங்குகிறது. பின்பக்கத்துக் குழியில் இருக்கும் ஸ்பிரிங்குகள் அந்தப் பிளாக்கை இழுத்துப் பிரிட்ஜை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கின்றன. இரண்டு திருப்புவிசைகளும் சமமாகும் இடத்தில் பிரிட்ஜ் நிற்கிறது. பிரிட்ஜில் மாட்டியிருக்கும் கைப்பிடியை அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒன்றாகத் தளர்ந்து சுரம் கீழே சரிகிறது. கைப்பிடியை மேலே தூக்கினால் சுரம் ஏறுகிறது. விட்டுவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்புகிறது.

எங்கள் பக்கத்தில் மாரியம்மன் நோம்பிக்குப் பந்தல் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கைவந்த விஷயம். ஒரு கம்பத்தின் ஒரு பக்கம் ஆறு கயிறு, மறுபக்கம் நீண்டு கொடுக்கக்கூடிய மூன்று கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறில் ஒன்றை மட்டும் இறுக்கினால் கம்பம் அந்தப் பக்கம் சாயும். கம்பம் சாய்ந்ததும் மற்ற ஐந்தும் தாமாகவே தொய்யும். அவற்றை யாரும் தொடக்கூட இல்லை.

விசைகளின் அளவைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதை 1636-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் எழுதிவைத்தார். ஒரு கட்டை, அதாவது ஒரு முழுச் சுர இடைவெளி, இறக்க வேண்டுமானால் இழுவிசையை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைக்க வேண்டும். பலரும் போடும் மெல்லிய செட்டில், அதாவது 9 முதல் 42 வரையிலான செட்டில் (எண்கள் தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), ஆறு தந்திகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 38 கிலோ எடைக்குச் சமம். ஆறாவது தந்தியின் பங்கு ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சில பாட்டுகளுக்காக அதை மட்டும் மூன்று கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறக்குவது கிட்டார்காரர்களின் வழக்கம். அப்படி இறக்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ இழுவிசை போய்விடும். உடனே ஸ்பிரிங்குகளின் கை ஓங்கி, பிரிட்ஜ் பின்னால் சாய்ந்து, மற்ற ஐந்து தந்திகளும் ஏறிவிடும். மேடையில் ஒரு தந்தி அறுந்தால் நடப்பதும் இதுவேதான். மீதி ஐந்தில் ஒன்றுகூடச் சுருதியில் இருக்காது. ஒரு தந்தியை விரலால் வளைத்து வாசிக்கும்போது, கூடவே ஒலிக்கும் மற்றொரு தந்தி லேசாக இறங்கிக் கேட்பதற்கும் இதுவே காரணம்.

இறுக்கமான பொருள்களில் சின்ன நகர்வு எவ்வளவு பெரிய மாற்றத்தை உண்டாக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். முதல் தந்தியின் விட்டம் 0.23 மில்லிமீட்டர். சுருதியில் இருக்கும்போது அது நான்கரை மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டிருக்கிறது. அதன் முனை 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், சுருதி அரைக் கட்டையில் ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடும். மூன்றாவது தந்தியின் நிலைமை இன்னும் மோசம். அது தடித்த வெறும் எஃகு; தடிமனோடு ஒப்பிட்டால் அதில் இருக்கும் இழுவிசை குறைவு. அதனால் அதே 0.1 மில்லிமீட்டருக்கு அது அரைக் கட்டையில் பாதியை விட்டுவிடுகிறது. “மூணாவது ஸ்ட்ரிங் நிக்கவே மாட்டேங்குது” என்று கிட்டார் வாசிக்கிற எல்லோரும் அலுத்துக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் புகார் முற்றிலும் நியாயமானது. காரணம் அந்தத் தந்தியின் தடிமனிலேயே இருக்கிறது.

1954-இல் லியோ ஃபெண்டர் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் கொண்டுவந்த டிரெமலோவின் பெரிய தலைவலி உராய்வு. கைப்பிடியை அழுத்தும்போது தந்தி, கழுத்தின் மேல்முனையில் அதைத் தாங்கும் ‘நட்’ என்ற சிறு பட்டையின் பள்ளத்தில் வழுக்கிப் போகிறது. திரும்பும்போது அதே இடத்துக்கு வராமல் துளி முன்னாலேயே சிக்கிக்கொள்கிறது. அந்தத் துளி 0.1 மில்லிமீட்டராக இருந்தாலே கச்சேரி கெட்டது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்ப்பது இன்றும் நல்ல வைத்தியம். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஃபிளாய்ட் ரோஸ் வேறு வழியில் போனார். 1979-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்த அமைப்பில் தந்தியின் இரு முனைகளையும், நட்டிலும் பிரிட்ஜிலும், திருகு போட்டு இறுக்கிப் பிடித்துவிடுகிறார்கள். எதுவும் வழுக்க வழியில்லை. பூட்டிய பிறகு டியூனிங் கீயை எவ்வளவு திருப்பினாலும் பயன் இல்லை என்பதால், பிரிட்ஜின் மேலேயே நுண்திருகுகள் பின்னர் சேர்க்கப்பட்டன.

எல்லா இடத்திலும் வழுக்குதலை அடைத்துவிட்டால், நம்பிக்கை முழுவதும் அந்தக் கத்திமுனையின் மேல் வந்து விழுகிறது. பிரிட்ஜைக் கழற்றிப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். நல்ல முனை ஒரே நேர்கோடாகத் தெரியும். தேய்ந்த முனையில், தூணைத் தொட்ட இடத்தில் மட்டும் ஒரு சிறு பள்ளம் பளபளக்கும். அதன் ஓரத்தில் உலோகம் பிதுங்கியிருக்கும். பிரிட்ஜ் திரும்பி வரும்போது ஒருமுறை பள்ளத்தின் இந்த ஓரத்திலும் மறுமுறை அந்த ஓரத்திலும் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் சுருதி எப்படி நிற்கும்? விலை மலிந்த பிரிட்ஜுகளின் அடித்தகடு பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டது, சீக்கிரம் மழுங்கும். கெட்டிப்படுத்திய எஃகு நின்று உழைக்கும். கோவையில் கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் எவரிடமும் இதை விளக்க வேண்டியதில்லை. மழுங்கிய முனையைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பிரிட்ஜுக்கு அடியில் தொங்கும் பிளாக்கைப் பித்தளையில் கடைந்து வாங்கவும் இங்கே வசதி இருக்கிறது. கிட்டார் வைத்திருப்பவருக்கு இந்த ஊர் கொடுத்திருக்கும் பெரிய சலுகையாக இதைக் கருதுகிறேன்.

சரி, சுருதி சேர்ப்பது எப்படி? ஆறு தந்திகளின் சுருதி என்பது ஆறு சமன்பாடுகள். ஒவ்வொன்றிலும் மற்ற ஐந்தும் கலந்திருக்கின்றன. ஒன்றைத் தீர்த்து, அந்த விடையை வைத்துக்கொண்டு அடுத்ததைத் தீர்த்து, சுற்றிச் சுற்றி வருவதைத்தான் இன்ஜினீயரிங் மாணவர்கள் காஸ்–சீடல் முறை என்று படிக்கிறார்கள். இந்த அமைப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிழை குறைந்துகொண்டே வரும். பொறுமையாகச் சுற்றினால் விடை கட்டாயம் கிடைக்கும். நடுவில் சலித்துப்போய் ஸ்பிரிங்கையும் சேர்த்துத் திருகுகிறவர்களுக்குத்தான் முடிவே வராது. முதல் சுற்றில் ஒவ்வொரு தந்தியையும் வேண்டியதற்கு மேல் சற்றே ஏற்றி வைத்தால், பின்னால் வரும் தந்திகள் அதை இறக்கிக் கொடுக்கும். சுற்றுகளின் எண்ணிக்கையும் குறையும்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. பின்மூடியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் தகட்டை இரண்டு நீளமான ஸ்க்ரூக்கள் மரத்தோடு பிடித்திருக்கும்; அவற்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பிரிட்ஜ் உடலுக்கு இணையாக நிற்கும் நிலையில், தொங்கும் பிளாக்குக்கும் அதன் பின்னால், வால்பக்கம் இருக்கும் குழிச்சுவருக்கும் இடையே அளவான மரத்துண்டு ஒன்றைச் செருகுங்கள். இப்போது தந்திகளின் இழுப்பில் பிளாக் மரத்துண்டின் மேல் அழுந்தி நிற்கும், பிரிட்ஜ் நகராது. நட்டின் பூட்டைத் திறந்து, சாதாரண கிட்டார் போல ஆறையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. பிறகு அந்த இரண்டு ஸ்க்ரூக்களையும் மாற்றி மாற்றி, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு கட்டத்தில் மரத்துண்டின் மேல் இருந்த அழுத்தம் போய், விரலால் தொட்டாலே அது கழன்று வரும். ஸ்பிரிங்குகளும் தந்திகளும் அங்கே சமமாகிவிட்டன. நட்டைப் பூட்டும்போது சுருதி துளி விலகும். அதற்கு நுண்திருகுகள் போதும். அவற்றை முன்கூட்டியே பாதித் திருகலில் நிறுத்தி வைத்திருந்தால் இரு திசையிலும் இடம் இருக்கும்.

தந்தியின் தடிமனை மாற்றும்போது இந்த வேலை தப்பாது. 9 செட்டிலிருந்து 10 முதல் 46 வரையிலான செட்டுக்குப் போனால் மொத்த இழுவிசை எட்டு கிலோ அளவுக்குக் கூடும். பழைய ஸ்பிரிங் இறுக்கம் ஈடுகொடுக்காது. ஒரே தடிமனில் மாற்றுவதாக இருந்தால், ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுவது நல்லது.

இனி நம் ஊர் வானிலை. மாசி, பங்குனியில் கோயில் மைதானத்தில் நான்கு மணி வெயிலில் கிட்டாரைச் சேர்த்து வைத்துவிட்டு ஒன்பது மணிக்கு நிகழ்ச்சி தொடங்கும்போது, காற்று பத்து டிகிரி குளிர்ந்திருக்கக்கூடும். பத்து டிகிரிக்கு எஃகுத் தந்தி சுமார் 0.08 மில்லிமீட்டர் சுருங்கும். மரம் அவ்வளவு சுருங்காது. மேலே சொன்ன 0.1 மில்லிமீட்டர் கணக்கை வைத்துப் பார்த்தால், சாதாரண பிரிட்ஜில் இது காதில் நன்றாக உறுத்தும் அளவு. மிதக்கும் பிரிட்ஜுக்கு இந்த ஓர் இடத்தில் அனுகூலம் உண்டு. ஆறு தந்திகளும் ஒன்றாகச் சுருங்குவதால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து, மாற்றத்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று ஈரத்தோடு வீசும் மாதங்களில் பிரச்சினை வேறு. அப்போது கழுத்து மரம் ஈரத்தை வாங்கி வளைவு மாறுகிறது. அதைச் சுருதி சேர்த்துத் தீர்க்க முடியாது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் திருகைத் தொட வேண்டும்.

மெல்லிசைக் குழுவில் வாசிப்பவருக்கு மிதக்கும் பிரிட்ஜை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாடகருக்குத் தொண்டை கட்டி “அரைக் கட்டை இறக்கிக்கலாமா?” என்று கேட்டால், ஆறு தந்திகளிலும் சேர்ந்து நான்கு கிலோவுக்கு மேல் இழுவிசை குறைய வேண்டும். அதற்குப் பின்மூடியைக் கழற்ற வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவில் நடக்கிற காரியமா அது? அசையாத பிரிட்ஜ் உள்ள கிட்டார் ஒன்றைக் கூடவே வைத்திருப்பதுதான் வழி. இரண்டு கிட்டார் வாங்க வசதி இல்லாதவர், பிளாக்குக்கும் ஸ்பிரிங் பக்கச் சுவருக்கும் இடையே ஒரு மரத்துண்டை நிரந்தரமாக வைத்து, நான்காவது, ஐந்தாவது ஸ்பிரிங்கையும் மாட்டி இறுக்கிவிடலாம். கைப்பிடியை மேலே தூக்க முடியாது. கீழே அழுத்துவதற்குத் தடையில்லை. தந்தி அறுந்தாலும் மற்றவை அசையாது, அரைக் கட்டை இறக்கினாலும் பிரிட்ஜ் அதே இடத்தில் நிற்கும்.