நிறுத்தப்பட்ட வண்டியும் நிற்காமல் சென்ற வண்டியும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில், கல்லாற்றைத் தாண்டியதும் ஒரு காவலர் கை காட்டி ஒரு காரை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு எல்லாம் சரியாக இருக்கின்றன. இரண்டு நிமிடங்களில் கார் அனுப்பப்படுகிறது. அடுத்த காரின் ஓட்டுநர் சீட் பெல்ட் அணியவில்லை. மின்னணுக் கருவியில் அவருக்குச் செலான் போடப்படுகிறது. இரண்டாவது காரின் பதிவெண், நேரம், இடம், சட்டப் பிரிவு, அபராதத் தொகை ஆகிய அனைத்தும் கணினியில் ஏறிவிடுகின்றன. முதல் கார் நிறுத்தப்பட்டதற்கு எந்தத் தடயமும் இல்லை.

வாகனத் தணிக்கை நியாயமாக நடக்கிறதா என்று அறிய விரும்புவோருக்கு முதல் கார்தான் முக்கியம். அபராதப் பதிவுகளை மட்டும் கூட்டிப் பார்த்தால், காவலரின் சந்தேகம் பலித்த இடங்கள் மட்டுமே கண்ணில் படும். பலிக்காத சந்தேகங்கள் யார் மீது விழுந்தன என்பது தெரியாமல் போகும். இந்தக் காரணத்தால்தான் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், 2003இல் இயற்றிய சட்டத்தின் வழியே, 2004 முதல் அபராதத்தில் முடிந்தாலும் எச்சரிக்கையில் முடிந்தாலும் போக்குவரத்து நிறுத்தங்களைப் பதிவு செய்ய வைத்தது. அச்சட்டத்துக்காக மாநில செனட்டில் உழைத்தவர் பின்னாளில் அந்நாட்டின் அதிபரான பராக் ஒபாமா.

நிறுத்தங்கள் எல்லாம் பதிவானாலும் கணக்கு முடிவதில்லை. நிறுத்தப்பட்ட 100 வண்டிகளில் 60 வண்டிகள் கேரளப் பதிவெண் கொண்டவை என்றால், அது அதிகமா குறைவா என்பதை, அன்று அச்சாலையில் சென்ற வண்டிகளில் எத்தனை கேரளத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். இந்த வகுக்கும் எண் பெரும்பாலான ஊர்களில் கிடைப்பதே இல்லை. மாவட்டத்தின் மக்கள்தொகையை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்வதும் உதவாது. மலைச் சாலையில் செல்வோர் பலர் மலையில் குடியிருப்பவர்கள் அல்லர். இந்த வகையில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அரிய வாய்ப்பு ஒன்று அமைந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இங்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. தொடக்கத்தில் அதன் நோக்கம் நெரிசலை அளப்பதே. ஆயினும் மலையேறும் வண்டிகளின் எண்ணிக்கை பதிவெண்ணோடு சேர்ந்து கிடைப்பதால், நிற்காமல் சென்றவர்களைப் பற்றியும் நமக்கு ஒரு கணக்கு கிடைக்கிறது. நீலகிரியிலேயே பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு அங்கு இ-பாஸ் தேவையில்லை என்பதால், உள்ளூர் வண்டிகளைத் தனியே எண்ண வேண்டியிருக்கும்.

வகுக்கும் எண் இல்லாத ஊர்களுக்காக ஜெஃப்ரி குரோகர், கிரெக் ரிட்ஜ்வே ஆகிய இரு ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத் தரவுகளை வைத்து 2006இல் ஒரு வழியைச் சொன்னார்கள். அதை இருள்திரைச் சோதனை எனலாம். பகலில் ஓட்டுநரின் முகமும் நிறமும் காவலருக்குத் தெரியும். இருட்டில் தெரிவது கடினம். ஆகவே ஒரே கடிகார நேரத்தில், வெளிச்சம் இருக்கும் நாள்களில் ஒரு பிரிவினர் அதிக விகிதத்திலும், இருட்டிய நாள்களில் குறைந்த விகிதத்திலும் நிறுத்தப்பட்டால், முகத்தைப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்று ஐயுறலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 10 கோடி நிறுத்தங்களைத் திரட்டி 2020இல் வெளியிட்ட ஆய்வில், சூரியன் மறைந்த பின் நிறுத்தப்படுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு குறைவதை இவ்வழியில்தான் கண்டார்கள்.

இச்சோதனையை அப்படியே நம் மலைக்குக் கொண்டுவர முடியாது என்பதே எனக்கு இதில் மிகவும் சுவையான பகுதி. அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுகிறார்கள். அதனால் இந்த வாரம் வெளிச்சமாக இருந்த மாலை நேரம் அடுத்த வாரமே இருட்டாகிவிடுகிறது, சாலையில் செல்வோரோ மாறுவதில்லை. குன்னூரில் சூரியன் மறையும் நேரம் நவம்பரில் மாலை 6 மணிக்குச் சற்று முன்பும் ஜூலையில் 6.50 மணி அளவிலும் என, ஆண்டு முழுவதற்கும் ஒரு மணி நேரத்துக்குள்தான் நகர்கிறது. மாலை 6.30 மணியை எடுத்துக்கொண்டால் ஜூலையில் வெளிச்சம், நவம்பரில் இருட்டு. ஆனால் அவ்விரு மாதங்களுக்கு இடையே மழையும் பயணிகளும் மாறிவிடுகின்றனர்: ஜூலையில் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது, நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் மண்ணைச் சரிக்கிறது. அதற்கு மேல் பனிமூட்டம். பிற்பகல் 3 மணிக்கே எதிரில் வரும் வண்டி தெரியாத நாளை, சூரியன் மறையும் நேரத்தை மட்டும் பார்க்கும் கணக்கு வெளிச்சம் என்றே எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே நாம் கேட்க விரும்பும் கேள்வி, வெளி மாநிலப் பதிவெண்ணைப் பார்த்து நிறுத்துகிறார்களா என்பதாக இருக்கலாம். 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை, ஒளி பட்டால் அதைத் திருப்பி அனுப்பும் தன்மை கொண்டது. இருள் முகத்தை மறைக்கும். டார்ச் அடித்தால் பலகை இன்னும் பளிச்சென்று தெரியும். ஆகவே இக்கேள்விக்கு இருள்திரை உதவாது.

நிறுத்திய பின் சோதனையிடுவதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. தடை செய்யப்பட்ட ஞெகிழி (பிளாஸ்டிக்) புட்டிகளைத் தேடி வண்டிகளைச் சோதிப்பது நீலகிரியில் எல்லோரும் அறிந்த வழக்கம் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். சோதித்த வெளியூர் வண்டிகள் 100இல் 20இலும், சோதித்த உள்ளூர் வண்டிகள் 100இல் 80இலும் புட்டிகள் கிடைத்தன என்று கற்பனை செய்தால், வெளியூர்க்காரர்கள் அற்பச் சந்தேகத்துக்கே சோதிக்கப்பட்டார்கள் என்று தோன்றும். அது தவறாகவும் இருக்கலாம். புட்டி இருக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு என்று தோன்றினாலே சோதிப்பது என்ற ஒரே விதியைக் காவலர் எல்லோரிடமும் கடைப்பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தேகத்துக்கு உள்ளான உள்ளூர் வண்டிகளில் புட்டிப் பெட்டிகள் வெளிப்படையாகத் தெரிகின்றன, வெளியூர் வண்டிகளிலோ மூடிய பைகள்தாம் இருக்கின்றன என்றால், அப்போதும் இதே 80உம் 20உம் வரலாம். இப்பொறியைத் தவிர்க்கவே ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், சோதனையிட்ட விகிதத்தையும் கண்டெடுத்த விகிதத்தையும் பல இடங்களில் ஒருசேரப் பார்த்து, காவலர் மனத்தில் உள்ள அந்தச் சந்தேக வரம்பையே மதிப்பிடும் முறையை உருவாக்கினார்கள்.

இவ்வளவும் ஒரு சிறிய விஷயத்தைச் சார்ந்திருக்கிறது: பதிவில் உள்ள நேரம். மலை வளைவுகளில் கைப்பேசிச் சமிக்ஞை அடிக்கடி அறுந்துபோகும். பணி முடிந்தபின் நினைவிலிருந்து எழுதினால், நிறுத்தங்கள் எல்லாம் 6.00, 6.30, 7.00 என்று முழு எண்களில் குவிந்துவிடும். வெளிச்சமும் இருட்டும் மாறும் இடைவெளியே ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் ஊரில், அரை மணி நேரப் பிழை முழு ஆய்வையும் விழுங்கிவிடும். ஆகவே காவலர் கருவியைத் தொட்ட கணத்திலேயே அது நேரத்தையும் இடத்தையும் தானாகக் குறித்து, சமிக்ஞை கிடைக்கும்வரை தன்னுள் வைத்திருக்க வேண்டும். அபராதம் இன்றி அனுப்பிய வண்டிக்கும் நிறுத்திய காரணத்தை ஒரே அழுத்தலில் பதிய அதில் இடம் இருக்க வேண்டும்.